நாற்பது இன்ச் நெஞ்சும் இரண்டு முதலாளிகளும்

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். பெற்றேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். கம்பெனியின் கம்ப்யூட்டர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எச்.ஆரில் உட்கார்ந்திருக்கும் பெண் ரொம்ப நேரம் மவுஸை உருட்டிப் பார்த்துவிட்டு, "இசக்கி அங்கிள், டெம்பரரி ஸ்டாஃபுக்கு ரிட்டயர்மென்ட்னு ஒண்ணு இதுல இல்லவே இல்லீங்க. ரிலீவிங்னு போட்டா என்ன காரணம்னு கேக்குதுங்க" என்றாள். என்னென்ன காரணம் வைத்திருக்கிறது என்று கேட்டேன். கல்யாணம், வேறு வேலை, ஒழுங்கு நடவடிக்கை என்று படித்தாள். இந்த வயதில் கல்யாணம் என்று போட்டால் வீட்டில் விளக்குமாறு பேசும். ஒழுங்கு நடவடிக்கைக்கு நான் பலமுறை தகுதியானவன்தான் என்றாலும், கடைசி நாளில் எதற்கு என்று தோன்றியது. வேறு வேலை என்றே போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மெர்ச்சண்டைசிங் பிள்ளைகள் எனக்கு வெஜ் பப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவன் பகலில் கம்பெனி, மற்ற நேரத்தில் செல்போனில் ஏதோ வியாபாரம் என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்திருப்பவன். "அங்கிள், இங்க டெம்பரரியாவும் இருந்துட்டு, ஜிம்லயும் மாஸ்டரா இருந்துட்டு, எப்படீங்க பேலன்ஸ் பண்ணுனீங்க?" என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் இருந்த திரையில் கம்ப்யூட்டர் பொம்மை ஒன்று டி-சர்ட் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. தைத்த சட்டை உடம்பில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதற்கு ஃபிட் என்று பெயர். இப்போது அதை அந்தப் பொம்மையின் மேல்தான் பார்க்கிறார்கள். அதற்கு வியர்க்காது, பசிக்காது, எந்த அளவைத் தட்டினாலும் அந்த அளவாகிவிடும். ஒரு காலத்தில் அந்தப் பொம்மையின் வேலையைப் பார்த்தவன் நான். பப்ஸ் தீரும்வரை பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எங்கள் குடும்பம் திருப்பூருக்குப் பஸ் ஏறியபோது நான் அரை டிரவுசர். பனியன் கம்பெனியில் தையல்காரருக்கு உதவியாகக் கைமடி அடித்தேன், செக்கிங் பார்த்தேன், அஞ்சல்வழியில் பி.காம். சேர்ந்து பாதியில் விட்டேன். சாயங்காலங்களில் ஒரு தகரக் கொட்டகையில் சிமென்ட் உருளைகளைத் தூக்கினேன். படிப்பு ஏறாத இடத்தில் சதை ஏறியது. அவ்வளவுதான்.

ஊத்துக்குளி ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் செல்வம் அண்ணாச்சி ஜிம் திறந்தபோது என்னை மாஸ்டராக வைத்துக்கொண்டார். காலை ஒரு பேட்ச், மாலை ஒரு பேட்ச். நடுவில் கிடந்த பகலுக்கு முதலிபாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின், மாதிரிச் சட்டை தைக்கிற சேம்பிள் பகுதியில், பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணுக்குப் பதிலாக உட்கார்ந்தேன். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது கல்லூரிக்குப் போகிறது. நான் கடைசிவரை அதன் அம்மாவுக்குப் பதிலாகவே உட்கார்ந்திருந்தேன்.

நிரந்தரமாக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. நிரந்தரமானவர்கள் ஷிப்மென்ட் என்றால் வீட்டை மறக்க வேண்டும். டெம்பரரிக்கு அந்த மரியாதை கிடையாது. ஐந்தரை மணிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். ஆறரைக்கு நான் மாலை பேட்ச்சில் நிற்க வேண்டும். ஜிம்மை மட்டும் நம்பவும் முடியாது. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் உடம்பின் மேல் ஆசை வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கரும்பு கடித்துவிட்டுத் திரும்பும்போது அந்த ஆசை போயிருக்கும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வர மாட்டார்கள், ஆடியில் யாருமே வர மாட்டார்கள். ஆகவே பகலில் ஆபீஸ், மற்ற நேரம் ஜிம். ஒன்று கைவிட்டால் ஒன்று தாங்கும் என்று என் மனைவியிடம் கணக்குச் சொல்லியிருந்தேன்.

அந்தக் கணக்கைக் கெடுத்தவர் சேம்பிள் பகுதியின் மேனேஜர் சென்னியப்பன். டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டே தூங்கி எழுகிறாரோ என்று எங்களுக்குச் சந்தேகம். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சாதாரணமாக இருந்தால் என்னை "மாஸ்டர்" என்பார். கோபம் வந்தால் "மாஸ்டருங்க". கோபம் முற்றிவிட்டால் எழுந்து நின்று எதிரில் இருப்பவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார். கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் புகழ்கிறார்கள். சென்னியப்பன் நாற்காலி போட்ட ஆட்களை யாரும் விசாரித்ததில்லை; அவர்கள் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு போனவர்கள்.

ஒரு நாள் ஃபைல் எடுத்துக்கொண்டு அவர் மேஜையைத் தாண்டிப் போனேன். "மாஸ்டர், சித்தெ நில்லுங்க" என்று சொல்லிவிட்டு என் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போட்டார். நாற்பது. இடுப்பைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், அவர் முகம் மலர்ந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் கேட்கும் எம் சைஸ் உடம்பு அச்சு அசலாக என்னிடம் இருந்திருக்கிறது. அதுவரை ஆபீஸில் இருந்தது கை உடைந்த ஒரு டம்மி பொம்மை. அன்றிலிருந்து நான் கம்பெனியின் எம் சைஸ் ஆனேன்.

அந்த வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். சேம்பிளை முதலில் மேஜையில் விரித்து அளப்பார்கள். பிறகு நான் போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டு நிற்பேன். சென்னியப்பன் பிரகாரம் சுற்றுவது போல மெதுவாக என்னைச் சுற்றி வருவார். தோள் தையல் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, கழுத்து எட்டி நிற்கிறதா, அக்குளில் துணி சேர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பார். குறுக்கே கோடு விழுந்தால் இறுக்கம். நெடுக்கே மடிப்பு விழுந்தால் தளர்ச்சி. கையைத் தூக்கினால் வயிறு தெரியக் கூடாது, குனிந்தால் முதுகு தெரியக் கூடாது. எல்லாம் சரியென்றால் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று போட்டோ எடுத்து, கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு அனுப்புவார்கள். என் தலையைத் தவிர மற்ற எல்லாப் பாகங்களும் பல தேசங்களுக்குப் போய் வந்திருக்கின்றன.

ஆரம்பத்தில் திங்கட்கிழமை தோறும் என் நெஞ்சை அளப்பார். அக்குளுக்குக் கீழே, முன்னும் பின்னும் ஒரே மட்டமாக, ஒரு விரல் நுழையும் தளர்வோடு டேப் சுற்ற வேண்டும். அரை இன்ச் கூடலாம், அரை இன்ச் குறையலாம். நாளடைவில் டேப்பை எடுக்கிற சிரமத்தையும் விட்டுவிட்டார். "எப்பவும் போலத்தானுங்களே மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு நாற்பது என்று எழுதிக்கொள்வார். மலை அசைந்தாலும் எங்கள் மாஸ்டர் நெஞ்சு அசையாது என்று முதலாளியிடம் பெருமை வேறு. உடம்பு வளரும் என்பது அந்த ஆபீஸில் யாருக்கும் நினைவில்லை. இத்தனைக்கும் அவர்கள் எல்லோருடைய வயிறும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

இந்தச் சமயத்தில் எங்கள் ஜிம்முக்கு எதிரிலேயே ஏ.சி. போட்ட ஜிம் ஒன்று திறந்தார்கள். செல்வம் அண்ணாச்சிக்குத் தூக்கம் போனது. "எலே இசக்கி, அவன் ஏ.சி.ய காட்டுதான். நாம எதக் காட்டுறது? ஒன் நெஞ்சத்தான் காட்டணும். மாஸ்டரப் பாத்ததும் பயலுவளுக்கு வெறி வரணும்லா?" என்றார். தினமும் அவர் வீட்டிலிருந்து அவித்த முட்டை வரத் தொடங்கியது. எடையைக் கூட்டினேன், தண்டாலைக் கூட்டினேன். மூன்று மாதத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்து, முகத்தை மட்டும் சிவப்பாக்கி, ஊத்துக்குளி ரோடு திருப்பத்தில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். ஆபீஸ் போட்டோவில் தலை இல்லை; ஃபிளெக்ஸில் இருந்த தலை என்னுடையது போலவே இல்லை. இரண்டிலும் நெஞ்சு மட்டும் என்னுடையது.

அந்த நெஞ்சு நாற்பத்திரண்டாகிவிட்டது. அதை நானே போய்ச் சென்னியப்பனிடம் சொன்னேன். "சார், நான் இப்ப எம் இல்லீங்க. ஃபிட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன். அவர் டேப்பைக் கழற்றவே இல்லை. "ஏனுங்க மாஸ்டர், ஒடம்புன்னா கூடறதும் கொறையறதும் இருக்கறதுதானுங்களே. ஃபைல்ல நாப்பதுன்னு இருக்குதுங்க. ஃபைலுக்குத் தகுந்த மாதிரி நீங்க கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க" என்றார். டிபன் பாக்ஸில் இருந்த முட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அவற்றை ஆபீஸ் நேரத்தில் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னார். ஒரு முதலாளிக்கு என் நெஞ்சு வளர வேண்டும், இன்னொரு முதலாளிக்கு அது வளரக் கூடாது. இருப்பதோ ஒரே நெஞ்சு.

அந்த மாதம் குளிர்தேசத்திலிருந்து ஒரு புதுப் பையர் வந்தார். அவர் அளவு எதுவும் தரவில்லை. உங்கள் எம் சைஸ் ஆளுக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு டி-சர்ட் தைத்துப் படம் அனுப்புங்கள், பிடித்தால் அந்த சேம்பிளின் அளவிலேயே மொத்தமும் தைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சேம்பிள் தைத்தது ஞானசெல்வி. எங்கள் பக்கத்துப் பெண், சாத்தான்குளம். அவள் தைத்த கழுத்துப் பட்டையில் ஓர் இடத்தில்கூடச் சுருக்கம் இருக்காது. சாயப்பட்டறையில் இருந்த அவள் புருஷனுக்கு வேலை போய்விட்டதால், அவள் கொண்டுபோகிற சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

நான் அதைப் போட்டுக்கொண்டு நின்றதும் நெஞ்சில் குறுக்கே கோடு கோடாக இழுத்தது. சென்னியப்பன் இரண்டு சுற்று வந்தார். "ஏனம்மா, டைட்டா இருக்குதுங்களே. சைடு தையலப் பிரிச்சு விட்டுத் தைங்க" என்றார். ஞானசெல்வி, "சார், பேட்டன் சரியாத்தான் இருக்கு. இசக்கி அண்ணாச்சி ஒடம்புதான் ஏறிருக்கு" என்றாள். "பையரு ஒடம்பயா கேக்கறாருங்க? படத்தத்தானுங்க கேக்கறாரு. விட்டுத் தைங்க" என்றார் சென்னியப்பன். இரண்டு பக்கமும் பிரித்துத் துணி சேர்த்துத் தைத்தாள். கோடு மறைந்தது. படம் போனது, பையருக்குப் பிடித்தது. அந்த சேம்பிளை அளந்தே, துணி வெட்டுவதற்கான அட்டை அச்சான பேட்டனை வெட்டினார்கள், அந்தப் பேட்டனை வைத்தே கட்டிங் ஓடியது.

சரக்கெல்லாம் பெட்டியில் ஏறிய பிறகு, பையரின் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து சோதனை பார்க்க வந்தவர் ஒரு டி-சர்ட்டைத் தூக்கிப் பிடித்தார். "இது எம்முங்களா? எங்க மத்த கம்பெனில எல்லாம் இதுக்குப் பேரு எல்லுங்க" என்றார். அவ்வளவுதான், ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை வந்துவிட்டது. விசாரணைக்கு முதலாளி வருகிறார் என்றதும் ஞானசெல்வி மெஷினை விட்டு எழுந்து என்னிடம் வந்தாள். அந்த ஊரில் சேம்பிள் டெய்லருக்குப் பெயர்தான் முதல். சொந்த இஷ்டத்துக்கு அளவு மாற்றுகிறவள் என்று ஒரு கம்பெனியில் பெயர் எடுத்தால், அடுத்த கம்பெனியில் சேம்பிள் மெஷினில் உட்காரவே விட மாட்டார்கள். "பயப்படாத. எல்லார் முன்னாலயும் என் நெஞ்ச அளக்கச் சொல்லுதேன். அளந்தா தெரிஞ்சிரும்லா?" என்று அவளிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

முதலாளி வந்தார். சென்னியப்பன் எழுந்து நின்று ஞானசெல்விக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. நீங்களே சொல்லீருங்க. அளவு மாத்தோணும்னு யாருங்க உங்களுக்குச் சொன்னாங்க?" என்று கேட்டார். அவள், "நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள். "நானுங்களா?" என்று சென்னியப்பன் ஆச்சரியப்பட்ட அழகை நான் எந்தக் கூத்திலும் பார்த்ததில்லை. "எம்மு ஒடம்பு முன்னால நிக்கறப்ப நான் எதுக்குங்க விட்டுத் தைக்கச் சொல்லப் போறேன்?"

நான் முன்னால் போனேன். "சார், என் நெஞ்சு நாப்பது இல்லீங்க. போன மாசமே மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். இப்பவே அளந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். முதலாளி கொஞ்சம் பின்வாங்கினார். அவர் கார் தினமும் அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் வருகிறது, ஆனால் காருக்குள் இருப்பவர்கள் வெளியே பார்ப்பதில்லை போலிருக்கிறது.

"மாஸ்டருங்க சொல்றதும் நாயந்தானுங்க. அளந்துருவோம்" என்று சென்னியப்பன் டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். என் பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவந்தார். "மூச்ச உடுங்க மாஸ்டர்" என்றார். விட்டேன். "இன்னுங் கொஞ்சம் உடுங்க." விட்டேன். "உள்ள இன்னும் இருக்குமுங்க, உடுங்க." நுரையீரலில் இருந்த கடைசிக் காற்றும் போய்விட்டது. அவர் டேப்பைச் சுருக்குப் பையின் கயிறு மாதிரி இழுத்தார். மேலேயும் கீழேயும் சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. "பாருங்க சார், நீங்களே படிங்க" என்றார். முதலாளி குனிந்து படித்தார். "நாப்பதுதானுங்களே. அப்பறம் என்னங்க மாஸ்டர்?"

பதில் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை. நான் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் டேப் சென்னியப்பனின் கழுத்துக்குத் திரும்பிவிட்டது, முதலாளி காரில் ஏறிவிட்டார். ஞானசெல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் கத்திரிக்கோலையும் ஊசி டப்பாவையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்று மாலை ஜிம்மில் நான் தூக்கிய எடையைப் பார்த்துச் செல்வம் அண்ணாச்சி, ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல வெறி வந்திருக்கு என்று மகிழ்ந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அத்தனை பெரிய நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு டேப்பிடம் தோற்றிருந்தேன்.

தைத்தது தைத்தாயிற்று, போகிறது போகட்டும் என்று சரக்கை அனுப்பிவிட்டார்கள். பையர் திருப்பி அனுப்புவார், தள்ளுபடி கேட்பார் என்று பயந்து எல்லோரும் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பையரிடமிருந்து பதில் வந்தது. அங்கே ஜனங்களுக்கு இந்த டி-சர்ட் ரொம்பப் பிடித்துவிட்டதாம். எம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் தாராளமாக இருக்கிறதாம், வயிறு தெரியவில்லையாம். அடுத்த சீசனுக்கு இதைப் போல இன்னும் சில டிசைன்கள், அதே ஃபிட், அதே ஆள்மேல் போட்டுக் காட்ட வேண்டும், இம்முறை வீடியோவில் நேரடியாகப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்.

சென்னியப்பன் அன்றைக்கே அதற்கு கம்ஃபர்ட் ஃபிட் என்று பெயர் வைத்தார். மார்க்கெட்டை முன்கூட்டியே புரிந்துகொண்டதற்காக முதலாளி அவருக்குச் சால்வை போட்டார். டைட்டாக இருக்கிறது, விட்டுத் தையுங்கள் என்று சொன்னது தான்தான் என்பது இப்போது அவருக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. நான் அவரிடம் போய், "அப்ப ஞானசெல்விய திரும்பக் கூப்பிடுங்க சார்" என்றேன். "அவங்களுக்கு இன்னேரம் வேற பக்கம் வேலை கெடச்சிருக்குமுங்க மாஸ்டர். நாம எதுக்குங்க தொந்தரவு பண்ணிட்டு?" என்றார். அவளுக்கு எங்கும் வேலை கிடைத்திருக்கவில்லை. போன இடத்தில் எல்லாம் அவளுக்கு முன்னால் அவள் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னப் பட்டறையான ஒரு பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்கு ஜட்டிக்கு எலாஸ்டிக் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஃபிட் நாளில் புது டெய்லர் தைத்த டி-சர்ட்டை என்னிடம் நீட்டினார்கள். நான் அதை மடித்து மேஜையில் வைத்துவிட்டேன். "சார், ஞானசெல்வி தச்சாத்தான் போட்டுக்குவேன்" என்றேன். சென்னியப்பன் சிரித்தார். "மாஸ்டருங்க, ஒடம்புக்கு என்னங்க பஞ்சம்? ஆயிரம் பேரு வேலை செய்யறாங்க" என்று சொல்லிவிட்டு ஆள் தேடக் கிளம்பினார்.

தேடியபோதுதான் தெரிந்தது, அந்தக் கம்பெனியில் இரண்டே வகை உடம்புதான் உண்டு. ஆபீஸில் இருப்பவர்களுக்கு வயிறு, தளத்தில் நிற்பவர்களுக்கு எலும்பு. அக்கவுன்ட்ஸ்காரருக்கு நெஞ்சளவு சரியாக இருந்தது, அதற்குக் கீழே டி-சர்ட் இறங்க மறுத்தது. அயர்ன் மாஸ்டர் மாட்டியபோது கொடியில் காயப்போட்டது போல இருந்தது. கடைசியில் பேக்கிங்கில் இருந்த ஒடிசாக்காரர் ஒருவரைப் பிடித்து, பனியன் வேஸ்ட்டை உருட்டி இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார்கள். நின்றவரை நன்றாகத்தான் இருந்தது. கையைத் தூக்கச் சொன்னதும் ஒரு பக்கத்து நெஞ்சு வயிற்றுக்கு இறங்கிவிட்டது. "சாப், கிர் கயா", விழுந்துவிட்டது சார் என்று இந்தியில் சொல்லி அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "பூண்டில சொல்லிக் கல்லுல ஒண்ணு அடிச்சு வாங்கீரலாமுங்களா? சாமி செலை அடிக்கறவங்க அச்சா அடிச்சுத் தருவாங்க. முட்டையும் திங்காது" என்றார். "கல்லு கையத் தூக்காதுங்களே சார்" என்றார் சென்னியப்பன். இரண்டு பேரும் அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார்கள் என்பதுதான் விசேஷம்.

வீடியோவுக்கு முந்தின நாள் காலையில் சென்னியப்பன் எங்கள் ஜிம் மாடிப்படி ஏறி வந்தார். மேலே வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதைப் பார்த்து அவர் உட்காரத் தயங்கினார். "மாஸ்டருங்க, நீங்க ஒரு டெம்பரரிங்க. ரோசனை பண்ணிப் பேசுங்க. நாளைக்கு முதலாளி உங்கள வேண்டாம்னு சொன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்றார்.

உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஆடி மாதம், ஜிம்மில் அன்று வந்திருந்தவர்களைவிட டம்பெல்ஸ் அதிகம். ஆபீஸ் வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே முதல் நாள் ராத்திரி படுத்திருந்தேன். ஆனாலும் அவர் உட்காருவதற்குத் தயங்கியதைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. "டெம்பரரிதான் சார். நீங்க புடுங்குறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? நெஞ்சு ஒண்ணுதான். அதுதான் உங்களுக்கு வேணும்" என்றேன். செல்வம் அண்ணாச்சி கண்ணாடி துடைக்கிற துணியோடு அங்கிருந்தே, "மேனேஜர் சார், வந்ததே வந்தீங்க, ரெண்டு தண்டால் எடுத்துட்டுப் போங்க. நல்லா மூச்ச விடலாம்" என்றார். அளவெடுத்த கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அன்று மத்தியானமே ஞானசெல்விக்கு ஆள் போனது. அவள் உடனே வந்துவிடவில்லை. பழைய இடம், பழைய மெஷின், அதோடு நிரந்தர வேலை, இதில் ஒன்று குறைந்தாலும் எலாஸ்டிக்கே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் எனக்குக் கேட்காததை அவள் தனக்குக் கேட்டாள். பையர் காத்திருந்ததால் முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் விஷயத்தில் மட்டும் இனிமேல் நெஞ்சு கூடவும் கூடாது, குறையவும் கூடாது, நாற்பத்திரண்டிலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு. அண்ணாச்சி முட்டையை நிறுத்திவிட்டார். வளராத நெஞ்சுக்கு எதற்குச் செலவு என்றார்.

மறுநாள் காலையில் ஞானசெல்வி வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, என்னிடம் நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மஞ்சள் பையிலிருந்து சொந்தமாக ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது சென்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங்கம்மா, அளவு நாப்பத்திரண்டுங்க. மாஸ்டரும் சொல்றாரு, நானுஞ் சொல்றேன். அப்பறம் எதுக்குங்க அளந்துட்டு?" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தபடியேதான் சொன்னாள்:

"ரெண்டு பேரையும் நம்பித்தான சார் இத்தன நாளு ஜட்டிக்கு எலாஸ்டிக் ஏத்துனேன். அண்ணாச்சி, கையத் தூக்குங்க."